இன்னும் வெள்ளை போடுகிறவள்

சாயங்காலம் ஐந்தரை மணி. கடைசி பஸ் ஸ்டாப். அங்கே இறங்குகிறவள் எப்போதும் ஒருத்திதான். பஸ் திரும்பிப் போய்விட்டால் அப்புறம் சத்தமே கிடையாது… இருபது நிமிட நடை. ஒரு பக்கம் பூட்டிக் கிடக்கிற கூரை ஓட்டு ஃபாக்டரியின் சுவர். மறுபக்கம் ஆள் உயரப் புல். ரோடு முடிகிற இடத்தில் ஒரு மாடிக் கட்டடம். முதியோர் இல்லம்.

அந்த ரோட்டில் நடந்து போனவள் என் தோழியின் சித்தி. தோழி எனக்குச் சொன்னதை அப்படியே சொல்கிறேன். கண்ணும் மூக்கும் நானாக வைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கத்திச் சொல்கிற கதை இல்லை இது.

சித்திக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். வாய்த்துடுக்கு. எவருக்கும் பயந்தவள் இல்லை. இல்லத்தின் மாடியில் மறதி நோய்க்காரர்கள் பதினொரு பேர். மாலை ஆறு முதல் காலை ஆறு வரை அவர்கள் சித்தியின் பொறுப்பு. ஊட்டுவது, துடைத்துவிடுவது, துணி மாற்றுவது, தூங்க வைப்பது.

படி ஏறும்போதே வரவேற்பு ஆரம்பித்துவிடும். வெள்ளை யூனிஃபார்ம் கண்ணில் பட்டதும் ஒருவர் கத்துவார். ஒருவர் துப்புவார். ஓர் அம்மாள் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வார். கை வைத்தால் கடிதான். சித்தியின் மணிக்கட்டில் ஒரு பல்வரிசை இன்றைக்கும் இருக்கிறது. தோழி பார்த்திருக்கிறாள்.

"நோய் அப்படி. மனசுல வச்சுக்காதே" என்பாள் பகல் டியூட்டிக்காரி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டே. அவளுக்கென்ன… அவள் வீட்டுக்குப் போகிறாள்.

ஆனால் ஆறே கால், ஆறரை… வெளிச்சம் செத்துக்கொண்டிருக்கும் பாருங்கள், அந்த நேரம் மட்டும் வேறு மாதிரி. கத்தல் நின்றுவிடும். பதினொரு பேரும் கையை மடியில் வைத்துக்கொண்டு, வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பிரம்போடு யாரோ வருகிறார் என்று தெரிந்த வகுப்பு மாதிரி. சித்தி அதை நல்ல நேரம் என்று நினைத்திருந்தாள். அப்பாடா என்று சாய்கிற நேரம்.

ஆறாம் அறையில் ஒரு டீச்சர். கணக்கு சொல்லிக்கொடுத்தவர். எண்பது வயது, எலும்பும் தோலும்தான். ஒருநாள் அவருடைய மேல்கையில் நான்கு நீலத் தடம் இருந்தது. உள்பக்கம் ஒன்று. யாரோ பிடித்து அழுத்திய விரல்கள்.

டீச்சரின் மகள் ஞாயிற்றுக்கிழமை வந்தாள். பார்த்தாள். நேரே சித்தியிடம் வந்து நின்றாள்.

"சாயந்திரம் எங்கம்மாவைப் பாத்துக்கறது யாரு?"

"நான்தான்."

"கையை நீட்டு."

நீட்டினாள். மகள் அந்த விரல்களை இழுத்து, தடத்தின் மேல் வைத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை. தடத்திலிருந்த விரல்கள் நீளமானவை. ஆனாலும் அவள் விடவில்லை.

"இன்னொரு தடவை இப்படிப் பாத்தேன், உன்னை உள்ள தள்ளாம விடமாட்டேன். அம்மாவைக் கொண்டுவந்து விட்டுட்டுப் போனவதானே, இவ என்ன கிழிப்பான்னு நினைக்காதே."

சித்தி திருப்பி நன்றாகக் கொடுத்திருப்பாள். ஆனால் டீச்சர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்தபோது அந்தக் கண்ணில் ஒன்றும் இல்லை. சித்தியைப் பார்த்தபோது… வெறுப்பு. பச்சை வெறுப்பு. சித்தி வாயை மூடிக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

அந்த மாதம்தான் புது மேட்ரன் வந்தார். குட்டையான உருவம், தடதடவென்று நடை. வந்த மூன்றாம் நாள் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"நாளைலேர்ந்து யாரும் யூனிஃபார்ம் போடக்கூடாது. இவங்களுக்குப் பேர் மறந்துபோச்சு, பெத்த புள்ளைங்க மறந்துபோச்சு. ஆனா வெள்ளையைப் பாத்தா ஊசி ஞாபகம் வருது. ஆஸ்பத்திரி ஞாபகம் வருது. வீட்டுல போடற மாதிரி கலரா போட்டுட்டு வாங்க. வீட்டு மனுஷங்கன்னு நினைச்சு கொஞ்சம் நிம்மதியா இருப்பாங்க."

"சூப்பை மூஞ்சில துப்புவாங்க மேடம். கறையை யாரு துவைக்கறது?" என்றாள் சித்தி.

"துவைச்சாப் போற கறைதானே?"

எட்டுப் பணியாளர்களின் வெள்ளை உடுப்பும் கீழே இரும்பு பீரோவுக்குள் போனது. சாவியை மேட்ரன் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் சித்தி மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு போனாள். உடம்பு முழுக்கச் சிவப்புப் பூ. வெறுப்போடுதான் போனாள். பல்லைக் கடித்துக்கொண்டு மாடி ஏறினாள்… ஒருவரும் கத்தவில்லை.

மூன்றாம் அறையில் முன்னாள் லாரி டிரைவர் ஒருவர். அதுவரை சித்தியின் முகத்தில் துப்புவதைத் தவிர வேறு பேச்சு வைத்துக்கொள்ளாதவர். அவர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்னம்மா தங்கச்சி, இத்தனை நாளா எங்க போய்த் தொலைஞ்சே?" என்றார். தானே ஸ்பூனை எடுத்துச் சாப்பிட்டார்.

டீச்சர் சித்தியின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, பூக்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். "பதினேழு" என்றார். அந்தக் கைக்குப் பதினேழு, இந்தக் கைக்குப் பதினாறு. தையல்காரன் ஏமாற்றிவிட்டான் என்று கோபித்துக்கொண்டார். அன்றிலிருந்து சித்திக்குப் பெயர் 'பூச்சட்டை'.

அன்று ராத்திரி சித்தி பாத்ரூமில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாளாம். மூன்று வருஷம் கடி வாங்கியிருக்கிறாள். கடித்தது அவளை இல்லை. ஒரு துணியை.

எல்லாம் சரியாகிவிட்டது என்றுதானே நினைப்பீர்கள்? அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

தடம் நிற்கவில்லை. டீச்சரின் மறு கையில் வந்தது. டிரைவரின் தாடையில் வந்தது, வாயைப் பிடித்துத் திறந்த மாதிரி. அந்தி நேரத்து மௌனமும் அப்படியே இருந்தது. ஆறே காலுக்கு, பாடிக்கொண்டிருக்கிற டிரைவர் பாட்டை நிறுத்துவார். பூ எண்ணிக்கொண்டிருக்கிற டீச்சர் கையை உருவி மடியில் வைத்துக்கொள்வார்.

ஒரு சாயங்காலம் சித்தி மண்டியிட்டு உட்கார்ந்து கேட்டாள். "யார் டீச்சர் உங்களைப் பிடிச்சது? எங்கிட்ட சொல்லுங்க."

டீச்சர் அவள் காதருகே குனிந்தார்.

"நீ இல்ல. நீ பூச்சட்டை. அந்த வெள்ளை."

"இப்ப இங்க வெள்ளை யாரும் போடறதே இல்லையே டீச்சர்."

"போடறா. முன்னாடி எல்லாரும் வெள்ளை. எது எதுன்னு தெரியாது. எல்லாத்தையும் கடிச்சோம்." டீச்சர் கணக்கைப் போட்டு முடித்தவர் மாதிரி விரலை நிமிர்த்தினார். "இப்ப ஒண்ணே ஒண்ணுதான் வெள்ளை. நல்லாத் தெரியுது."

சித்தி திரும்பிப் பார்த்தாள். வராந்தா காலி. சுவரோரம் கைப்பிடிக் கம்பி… தூரத்தில் துணித் தள்ளுவண்டி… வேறு ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு வாசனை. கஞ்சி போட்டுச் சூடாகத் தேய்த்த துணியின் வாசனை.

மறுநாள் துணி துவைக்கிறவள் சித்தியைப் படியிலேயே மடக்கினாள். "என்னமோ கலர் கலரா போடறீங்கன்னு பெருமையா சொன்னீங்க. அப்புறம் யாருதான் இன்னும் வெள்ளையே போடறது? வாரா வாரம் கூடையில ஒண்ணு கிடக்கு. துவைச்சு, தேய்ச்சு, கம்பியில மாட்டறேன். மறுநாள் காணோம்."

சித்தி நேராக மேட்ரனிடம் போனாள். மேட்ரன் பீரோவைத் திறந்து எண்ணினார். எட்டும் மடிப்புக் கலையாமல் இருந்தன. பீரோவைச் சாத்திவிட்டு அவர் சித்தியைப் பார்த்த பார்வை இருக்கிறதே…

"கதை நல்லா இருக்கு. தடம் வர்றது உன் டியூட்டியில. மாட்டிக்கிட்டதும் வெள்ளைப் பேயா?"

"நான் பேய்னு சொல்லல மேடம். நீங்கதான் சொல்றீங்க."

"வாய் மட்டும் குறையாது உனக்கு. சரி. இன்னிக்கு நான் வீட்டுக்குப் போகப்போறதில்ல. சாயந்திரம் டீச்சர் ரூம்லயே உட்காரறேன். யாரு வர்றா, யாரு பிடிக்கறான்னு நானே பாக்கறேன். தடம் வந்துச்சோ, உன் மேல புகார் எழுதறது டீச்சரோட பொண்ணு இல்ல. நான்."

ஆறு மணிக்கு மேட்ரன் ஆறாம் அறைக்குள் போனார். அரக்கு நிற ஸ்வெட்டர், காலில் வீட்டுச் செருப்பு. கட்டிலில் டீச்சர், அருகே ஸ்டூலில் அவருக்கான சூப். பக்கத்து நாற்காலியில் இவர். சித்தியை வெளியே இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

சித்தி வராந்தாவில் மற்றவர்களுக்கு சூப் கொடுத்துக்கொண்டிருந்தாள். எல்லோர் கழுத்திலும் துண்டு. ஆறே கால். ஸ்பூன் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. கைகள் மடிக்குப் போயின.

கிரீச்… ரப்பர் செருப்பு, ஈரத் தரையில் அழுந்துகிற சத்தம். கிரீச்… கிரீச்… அவசரமே இல்லாத நடை. வேலை தெரிந்தவளின் நடை. சத்தம் வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து வந்தது. எல்லோருடைய கண்களும் அதோடு கூடவே நகர்ந்தன. பத்துப் பேரின் கண்களும், ஒரே வேகத்தில். சித்தியின் கண்ணுக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை.

சத்தம் ஆறாம் அறை வாசலில் நின்றது. கதவு திறந்தது. சாத்திக்கொண்டது.

அப்புறம் மேட்ரனின் குரல். "யாரு… ஏய், கையை எடு… நான் பேஷன்ட் இல்ல. நான் மேட்ரன்… நான்…"

அப்புறம் 'டக்' என்று ஒரு சத்தம். ஸ்பூன் பல்லில் இடிக்கிற சத்தம். மூன்று வருஷமாக ஊட்டுகிறவளுக்கு அது தெரியாதா?

சித்தி எழுந்தாள். எழுந்த வேகத்தில் மேல்கையை எதுவோ பிடித்தது. நான்கு விரல், உள்பக்கம் ஒன்று. ஐஸ் மாதிரி. அப்படியே அழுத்திப் பெஞ்சில் உட்கார வைத்தது. டிரைவருக்குப் பக்கத்தில். கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு வந்து விழுந்தது. பின்னால் முடிச்சு இறுகியது… கொஞ்சம் கூடவே இறுகியது. அறைக்குள்ளும் அது. இங்கேயும் அது.

டிரைவர் அசையாமல், உதடு மட்டும் அசைய, மெதுவாகச் சொன்னார். "வாயைத் திற தங்கச்சி. தொறந்துட்டா சீக்கிரம் போயிடும்."

அப்போதுதான் சித்திக்கு உறைத்தது. மேட்ரன் போட்டிருப்பது வீட்டு உடுப்பு. தான் போட்டிருப்பதும் வீட்டு உடுப்பு. வெள்ளை போடாத எல்லோரும் அதற்கு ஒன்றுதான். நோயாளி.

கைக்கெட்டும் தூரத்தில் துணித் தள்ளுவண்டி. மேலே துவைத்த வெள்ளைப் படுக்கை விரிப்பு. சித்தி ஒற்றைக் கையால் அதை இழுத்தாள். தலை வழியே போட்டு, தோளைச் சுற்றிப் போர்த்தி, பூ ஒன்றுகூடத் தெரியாதபடி கழுத்துவரை மூடினாள்.

பிடி விட்டது.

ஓடியிருக்கலாம். படி பத்தடியில். கீழே காவலாளி இருந்தான். தோழி கேட்டாளாம், ஏன் சித்தி ஓடலை என்று. 'அந்த மேட்ரன் அம்மா என்னைத் திருடின்னு சொல்லலையே தவிர வேற எல்லாம் சொல்லிட்டா. ஆனா அந்த ஸ்பூன் சத்தம்… எனக்குத் தாங்கல' என்றாளாம்.

கதவைத் திறந்தாள். மேட்ரன் நாற்காலியில் தலை பின்னால் மடங்கிக் கிடந்தார். வாய் அகலத் திறந்திருந்தது, தானாகத் திறந்தது போல் இல்லை. தாடையில் சூப் வழிந்து ஸ்வெட்டர் நனைந்திருந்தது. மூக்கு வழியாகவும் வந்துகொண்டிருந்தது. ஸ்பூன் அந்தரத்தில் நின்றது.

கட்டிலில் டீச்சர் சித்தியைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை. தோளிலிருந்து கால்வரை தொங்குகிற வெள்ளையைப் பார்த்தார்.

"நீயுமா?" என்றார்.

அவ்வளவுதான். கத்தவில்லை. கால்களை மடக்கி, சுவரோடு சுவராக ஒண்டிக்கொண்டார்.

சித்தி அந்தப் பக்கம் பார்க்காமல், வாயில் வந்ததைச் சொன்னாள். டியூட்டி மாற்றுகிறபோது சொல்கிற தோரணையில், குரல் நடுங்காமல் சொன்னாள்.

"இவங்க என் பேஷன்ட். நான் பாத்துக்கறேன்."

ஸ்பூன் தரையில் விழுந்தது. கஞ்சித் துணி வாசனை மூக்குக்கு மிக அருகே வந்தது. சரக்… சரக்… விறைத்த துணி அவளைச் சுற்றி ஒரு முறை வந்தது. பிறகு வலது காதில் ஒரு குரல். பயமுறுத்துகிற குரலே இல்லையாம். காலையிலிருந்து நின்று நின்று கால் வலிக்கிற கூட வேலை பார்க்கிற ஒருத்தியின் குரல்.

"சரி. அப்ப டீச்சரை நான் பாத்துக்கறேன்."

சித்தி தலையாட்டினாள்.

ஏன் ஆட்டினாள் என்று கேட்காதீர்கள். அவளுக்கே தெரியாது. யோசித்து ஆட்டியது இல்லை. மேட்ரனின் அக்குளில் கை கொடுத்து, தரதரவென்று வராந்தாவுக்கு இழுத்து வந்தாள். பின்னால் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. தூங்குகிற நோயாளியை எழுப்பிவிடக் கூடாது என்று சாத்துவோமே, அப்படி.

அதற்கப்புறம் அந்தக் கதவு திறக்கவில்லை. சித்தி தோளால் இடித்தாள். காவலாளி ஓடிவந்து உதைத்தான். உள்ளே சின்னச் சத்தம்கூட இல்லை. வெளியே நன்றாக இருட்டிவிட்டது. ஏழரை மணி சுமாருக்கு, யாரும் தொடாமலே, தாழ்ப்பாள் விலகிக் கதவு திறந்தது.

டீச்சர் நேராகப் படுத்திருந்தார். முகம் துடைத்திருந்தது. தலையை வகிடெடுத்து, நெற்றித் தோல் இழுபடும்படி வாரியிருந்தது. கை இரண்டும் பக்கவாட்டில். போர்வை ஒரு சுருக்கம் இல்லாமல், நான்கு மூலையும் மடித்துச் செருகி… இத்தனை சுத்தமாக அந்த இல்லத்தில் யாரும் படுக்கை போட்டதில்லை.

டாக்டர் ஏழே முக்காலுக்கு வந்தார். தொட்டுப் பார்த்தார். "போய் ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. வயசாயிடுச்சு. இதயம்" என்றார். கீழே ஆபீஸ் போனிலிருந்து மகளுக்குத் தகவல் சொன்னது சித்திதான். போனில் அந்தப் பக்கம் அழுகை இல்லை, திட்டு இல்லை. "தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

மேட்ரன் இரண்டு நாள் கழித்து எழுந்து வந்தார். தொண்டை கட்டியிருந்தது. சித்தியைத் தனியாகக் கூப்பிட்டார். "எனக்கு சர்க்கரை இறங்கி மயக்கம். நீ எதையும் பாக்கல. நானும் எதையும் பாக்கல" என்றார். நன்றி என்று ஒரு வார்த்தை? ம்ஹூம். அன்றே பீரோவைத் திறந்து எட்டு வெள்ளையையும் திருப்பிக் கொடுத்தார். காரணம் சொல்லவில்லை. சித்தி தன்னுடையதை வாங்கிக்கொள்ளவில்லை. வேலை வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். கிளம்பும்போது மாடியில் மறுபடியும் கத்தல் ஆரம்பித்திருந்தது. அதில் டிரைவரின் குரலும் இருந்தது.

மூன்று வாரம் கழித்து டீச்சரின் மகள் சித்தியின் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து சித்தி வாசலிலேயே நின்றாள். அவள் உள்ளே வரவில்லை. உட்காரவில்லை. போனை எடுத்து நீட்டினாள்.

"அன்னிக்கு நீங்க எனக்குப் பேசினது எட்டு மணிக்கு. அதுக்கு முன்னாடி ஏழு பத்துக்கு அதே நம்பர்லேர்ந்து ஒரு கால். பாருங்க."

சித்தி பார்த்தாள். ஏழு பத்து. டாக்டர் சொன்ன கணக்குப்படி அப்போது டீச்சர் போய் அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும்.

"அம்மாதான் பேசினாங்க" என்றாள் மகள். "நாலு வருஷமா நான் யாருன்னே தெரியாது அவங்களுக்கு. அன்னிக்கு என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. 'நான் சௌக்கியம். எனக்கு இங்க ஒரு குறையும் இல்ல. நல்லாப் பாத்துக்கறாங்க. நீ இனிமே வர வேண்டாம்.' அவ்வளவுதான். வச்சுட்டாங்க."

சித்தி போனைத் திரும்பவும் பார்த்தாள்.

"எங்கம்மா முப்பத்தஞ்சு வருஷம் பாடம் எடுத்தவங்க. கோர்வையா பேசுவாங்க. அன்னிக்கு அப்படிப் பேசல." மகள் போனைக் கீழே இறக்கினாள். "ஒரு வார்த்தை சொல்லுவாங்க. நிறுத்துவாங்க. அடுத்த வார்த்தை சொல்லுவாங்க. நிறுத்துவாங்க. பக்கத்துல யாரோ நின்னு சொல்லிக் குடுக்க, அதைத் தப்பில்லாம திருப்பிச் சொல்ற மாதிரி."